மறு: கூட்டு வடிவமைப்பில் கையாளும் பொருட்களுக்கு ஒரு சொல்

வணக்கம். பயன்படுத்தப்போகிறவர்களும் வடிவமைப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து வடிவமைப்பதே கூட்டு வடிவமைப்பு. அந்தக் கூட்டங்களில் கையாளும் ஒட்டுத்தாள், அட்டை, மாதிரி போன்றவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்; அதற்கு வந்த ஒரு பதில்:

> 'துணைப்பொருள்' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் அந்தச் சொல் பொருளை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது. கூட்டத்தில் யார் வாய் திறக்கிறார், யார் ஒதுங்குகிறார் என்பதைப் பாதி தீர்மானிப்பதே மேசைமேல் கிடக்கும் பொருள்தான்.

ஒட்டுத்தாளை எடுங்கள். சுருக்கமாக, சட்டென்று எழுதத் தெரிந்தவருக்கு அது வசதி. அனுபவத்தைக் கதையாகச் சொல்பவரின் பேச்சு அதில் நாலைந்து சொல்லாக நறுங்கிப்போகும். எழுதிப் பழகாதவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமலே இருந்துவிடுவார்; அவரிடம் அட்டையும் கத்தரியும் கொடுத்தால் தயக்கம் குறையும். கணினியில் வரைந்தால் சுட்டி ஒருவர் கையில், மற்றவர்கள் பார்வையாளர்கள். பளபளவென்று முடித்த மாதிரியைக் கொண்டுவந்து வைத்தாலோ, அதைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. நிறத்தைப் பற்றி மட்டும் கருத்து வரும்.

ஸ்காண்டிநேவியாவில் 1981 முதல் 1985 வரை நடந்த யுடோபியா திட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, வரவிருந்த கணினிக் கருவிகளை அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் செய்து, அவற்றோடு வேலை செய்து பார்த்தார்கள். வெறும் அட்டைப்பெட்டி ஒன்று லேசர் அச்சுப்பொறியாக நின்றது. நிரல் எழுதத் தெரியாதவரும் பெட்டியை நகர்த்தலாம், கிழிக்கலாம். தன் வேலையைச் செய்து காட்டியே 'இது இங்கே ஒத்துவராது' என்று சொல்லலாம். அந்த உரிமையை அவருக்குத் தந்ததில் அட்டைக்கும் பங்கு உண்டு.

முந்தைய மடலில் வந்த 'கையாள்பொருள்' அழகான சொல். ஆனால் 'கையாள்' என்றதும் ஏவலாள் நினைவு வருகிறதே!

என் பரிந்துரை 'வனைபொருள்'. வனைதல் என்றால் உருக்கொடுத்தல். வினைத்தொகை என்பதால் நாம் வனையும் பொருள், நம் பங்கேற்பை வனையும் பொருள் என்று இரண்டு பக்கமும் விரியும். பேச்சைத் தூண்ட மேசைமேல் வைக்கும் அச்சிட்ட சீட்டுகளை யாரும் வனைவதில்லை. ஆனாலும் பேச்சை அவை வனைகின்றன, அதனால் அவையும் அடங்கும். வனைதல் மண்பாண்டத்துக்கு மட்டும் உரியது என்று யாரேனும் தடுத்தால், ஓவியம் எழுதுதல், அலங்கரித்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு என்பதை நினைவூட்டுகிறேன்.

கூடவே ஒன்று: மாக்கப்புக்கு (mock-up, அந்த அட்டைப்பெட்டி போல இயங்காமல் உருவை மட்டும் காட்டுவது) 'முன்மாதிரி' வேண்டாம், அது புரோட்டோடைப்புக்கே (prototype, செய்து சோதிக்கும் முதல் வடிவம்) இருக்கட்டும். 'அட்டைமாதிரி' என்றால் மரமும் நுரையும் விடுபடும். 'போலுரு' சரிவருமா? மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.