தம்பியின் நீள நோட்டு

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

பெரியப்பா, காலை 6.10
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நம் பையன் போய் ஓராண்டு நிறைகிறது. திதி கொடுத்து முடித்தபின், சாப்பிட வருகிறவர்களுக்கு நான்கு பக்கத்தில் ஒரு நினைவுத் தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று என் தம்பி விரும்புகிறான். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பையனைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்ததை முழு வாக்கியங்களாக எழுதி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், எனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. ‘அன்பானவன், பண்பானவன்’ என்று எல்லாத் தாளிலும் போடுகிற சொற்களும் வேண்டாம். அந்த இரவைப் பற்றியும் அந்தச் சாலையைப் பற்றியும் யாரும் எழுதாதீர்கள். அவனுடைய அம்மாவும் இந்தக் குழுவில் இருக்கிறாள்.

அக்கா (கோபி), காலை 6.48
பெரியப்பா, நான் தொடங்கி வைக்கிறேன். தம்பிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆத்தாவின் மிக்சி புகைந்து நின்றுவிட்டது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்குள் அவன் பிரித்து, மோட்டார் காயிலில் சுற்றியிருந்த கம்பியை உருவி, ஒரு முனையை வாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையோடு நடக்கத் தொடங்கினான். மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, கிணற்று மேட்டைத் தாண்டி அவன் போய்க்கொண்டே இருந்ததை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு நீளக் கம்பியை எப்படி வைத்தார்கள் என்பதுதான் அன்று அவன் கேள்வி. அப்பாவிடம் அடி வாங்கினான்.
ஐ.டி.ஐ. முடித்ததும் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் நான்கு ஆண்டுகள் இருந்தான். அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. 2019 ஆவணியில் அன்னூர் சாலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தான். பெயர்ப்பலகையை அவனே எழுதினான். ‘இங்கு மோட்டார் காயில் கட்டப்படும்’ என்பதில் இடம் போதாமல் கடைசி ‘ம்’ மட்டும் கீழ் வரியில் தனியாக நின்றது. மாற்றச் சொன்னேன். ‘அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே நான்கு பேர் நிற்கிறார்கள், இருக்கட்டும்’ என்றான்.

மேற்குத் தோட்டத்து மாமா, காலை 7.30
மாப்பிள்ளை எனக்குச் செய்ததை நான் எழுதியே ஆக வேண்டும். 2022 சித்திரையில் என் போர்வெல் மோட்டார் கருகிவிட்டது. தொள்ளாயிரம் அடி ஆழம். இருபதடிக் குழாய் நாற்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தால்தான் மோட்டார் முகத்தையே பார்க்க முடியும். இரண்டு ஏக்கர் வாழை குலை தள்ளும் பருவத்தில் நின்றது. ஐந்து மாதத்திற்கு முன்புதான் வேறோர் இடத்தில் காயில் கட்டி வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை அதைப் பிரித்து, சுற்றை எண்ணி, மைக்ரோமீட்டரில் கம்பியின் தடிமனை அளந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். கட்டியவர்கள் கம்பியை ஒரு கேஜ் மெலிதாகப் போட்டிருந்தார்கள். தாமிரத்தில் மிச்சம் பிடித்த அந்தக் காசுக்காக மோட்டார் சூடேறிச் செத்திருக்கிறது. யார் கட்டியது என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தபோதும் கையைக் காட்டித் தடுத்துவிட்டான்.
இரண்டு இரவுகள் உட்கார்ந்து கட்டினான். கருகிய தாமிரத்தைத் தராசில் வைத்துக் காட்டி, சாக்கில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அதை வைத்துக்கொள்ளாத பட்டறைக்காரனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சித்தி (திருப்பூர்), காலை 8.05
படிக்கும்போது கண் கலங்குகிறது. ஆனால் தாளில் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரிய மாமா. மூன்று ஆண்டுகளாக இவனுக்குப் பெண் தேடினோம். ஜாதகம் பொருந்திய இடங்களில்கூட ‘கம்பெனியில் வேலையா, சொந்தப் பட்டறையா’ என்று கேட்டார்கள். பட்டறை என்றதும் காப்பியோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் தோட்டத்து மோட்டார் நின்றால் மட்டும் இரவு பதினொரு மணிக்கும் இவனுக்குத்தான் தொலைபேசி வரும். கேட்டவர்களில் இரண்டு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா, காலை 8.20
அம்மிணி, உன் வருத்தம் நியாயமானது. ஆனால் இலை போட்டு உட்கார வைத்தவர்களைத் தாளில் குத்திக் காட்டுவது நம் வீட்டு வழக்கமில்லை. அந்தப் பகுதியை நான் விட்டுவிடுகிறேன்.

சித்தி (திருப்பூர்), காலை 8.22
விட்டுவிடுங்கள். இந்தக் குழுவில் இருந்தால் போதும்.

அம்மா, காலை 9.15
கம்பி இழுத்து இழுத்து அவன் விரல்களில் எப்போதும் வெட்டு இருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவான். அந்தக் கரண்டியை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டறைத் தம்பி, காலை 10.40
அனைவருக்கும் வணக்கம். நான் அண்ணனிடம் மூன்று ஆண்டுகள் வேலை பழகியவன். அக்காதான் என்னைக் குழுவில் சேர்த்தார். பெரியப்பா கேட்டதால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.
தண்ணீருக்குள் இறங்கும் மோட்டாரில், மற்ற மோட்டாரைப் போல் காயிலை அச்சில் சுற்றி அப்படியே இறக்க முடியாது. பாலி ஒயரை (பிளாஸ்டிக் உறை போட்ட தாமிரக் கம்பி) ஸ்லாட்டின், அதாவது மோட்டாருக்குள் கம்பி போகிற பள்ளத்தின், ஒரு பக்கம் ஒருவர் செருக, மறுபக்கம் இன்னொருவர் இழுக்க, ஒவ்வொரு சுற்றாகக் கையால்தான் போட வேண்டும். அண்ணன் செருகுவார், நான் இழுப்பேன். ஒரே ஓர் இடத்தில் ஒயரின் மேலுறை உரசிவிட்டாலும் கிணற்றுக்குள் போனதும் மின்சாரம் கசிந்துவிடும். ஒருமுறை ஆறு ஸ்லாட் முடித்தபிறகு, ‘அண்ணா, இரண்டாவதில் லேசாக உரசியது போல் இருந்தது’ என்றேன். அவர் திட்டவில்லை. ஆறையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மறுநாள் மட்டும், ‘உரசியபோதே சொல்லியிருந்தால் நாலு ஸ்லாட் மிச்சமாகியிருக்கும்’ என்றார். கட்டி முடித்ததைத் தொட்டித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, காலையில் மின்கசிவைக் காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தபிறகே உரியவரைக் கூப்பிடுவார்.
மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் இல்லாதபோதும் மோட்டாரை ஓட்டுவதற்குக் கன்டென்சர் மாட்டித் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். அண்ணன் மாட்ட மாட்டார். அப்படி ஓட்டிக் கருகினால் மறுபடி நம்மிடம்தானே வருவார்கள், நமக்கு வேலைதானே என்று நான் கேட்டபோது, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.
பட்டறையில் அவருடைய நீள நோட்டு நான்கு இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம். தோட்டத்தின் பெயர், எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட், ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எத்தனை அடியில் இறக்கியது என்று எழுதி, கடைசி வரியில் கருகியதற்குக் காரணமும் எழுதியிருப்பார். ‘சிங்கிள் பேஸ்’, ‘தண்ணீர் இல்லாமல் ஓட்டியது’, ‘எலி’.

பெரியப்பா, காலை 11.05
எலியையும் எழுதினானா! கண்ணு, நீ எழுதியதுதான் தாளில் நடுப்பக்கம். எங்கள் அப்பாரு கவலை ஓட்டியவர், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோவைக்கு வந்துவிட்டாலும், நம் பக்கத்துத் தோட்டங்களில் வெகுகாலம் மாடுகள்தான் பின்னோக்கி நடந்து சால் இறக்கின. எந்தக் கிணற்றில் எத்தனை பாக ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது அப்பாருக்கு மனப்பாடம். அந்தக் கணக்கு நம் வீட்டில் அவரோடு முடிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த நோட்டுகளில் தண்ணீரைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறானா?

பட்டறைத் தம்பி, காலை 11.30
இருக்கிறது, பெரியப்பா. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்த பிறகு, நம் குளத்துக்குத் தண்ணீர் வந்த அன்று அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வீணாகப் போகிற உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். குளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றார். ‘இது நிரம்பினால் நம் பிழைப்பில் பாதி போய்விடும், பார்த்துக்கொள்’ என்று சொல்லிச் சிரித்தார்.
அதற்குப் பிறகு நான்காவது நோட்டின் கடைசி அட்டையில் மாதவாரியாகக் கோடு போட்டு, தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கருகிய மோட்டார்களை மட்டும் தனியாக எண்ணத் தொடங்கினார். ஐந்து மாதம் எண்ணியிருக்கிறார். எண்ணிக்கை குறைந்திருக்கிறது. பக்கத்தில் ‘குளமா, மழையா?’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஆறாவது மாதத்திற்குக் கட்டம் மட்டும் போட்டிருக்கிறது.

அக்கா (கோபி), காலை 11.34
அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, தம்பி. தாளின் பின்பக்கத்தில் அதையே அச்சடிக்கலாம். அவனுடைய கையெழுத்தாக இருக்கட்டும்.

மேற்குத் தோட்டத்து மாமா, பகல் 12.10
நோட்டு என்றதும் காலையிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாழைத்தார் வெட்டியதும் மீதியைத் தருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். வைகாசிக் காற்றில் பாதி வாழை சாய்ந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ முறை கடைவீதியில் டீ குடித்தோம், அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவன் அதை அடித்துவிட்டானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா, தம்பி?

பட்டறைத் தம்பி, பகல் 12.25
பார்த்தேன், மாமா. அடிக்கவில்லை. ‘பாக்கி 2,500’ என்று இருக்கிறது. கீழே, ‘காற்று. ஐப்பசிக்கு மேல் கேட்கவும்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

மேற்குத் தோட்டத்து மாமா, பகல் 12.26
ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

பெரியப்பா, பகல் 12.40
அதை அவன் அம்மா கையில் கொடுத்துவிடு. தம்பி, அந்த நான்கு நோட்டுகளையும் இங்கே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று அவன் அப்பா காலையில் சொன்னான். உனக்கு என்ன தோன்றுகிறது?

பட்டறைத் தம்பி, பகல் 12.52
பெரியப்பா, தவறாக நினைக்காதீர்கள். நாளைக்குக் குளத்துத் தோட்டத்து மோட்டாரை மேலே எடுக்கிறோம். அதன் சுற்றுக் கணக்கு இரண்டாவது நோட்டில்தான் இருக்கிறது.

அம்மா, பகல் 12.55
நோட்டு பட்டறையிலேயே இருக்கட்டும்.