முந்தானையில் குத்திய வானவில்: வார்டில் சத்தமில்லாமல் துணை நின்ற அனுபவங்கள்

லீஹை அம்மா

நான் யூட்டாவில் லீஹையில் இருக்கிறேன். இங்கே இருக்கிறவர்கள் மார்மன் சபையைத் தெரிந்தவர்கள்; வார்டு என்கிற உள்ளூர்ச் சபை, அதை நடத்துகிற பிஷப், ஞாயிறு அப்பமும் தண்ணீரும் வாங்குகிற திருவிருந்து எல்லாம் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக மனசில் கிடந்து அறுக்கிறது.

நான் சபைக்குச் சேலைதான் கட்டிப் போவேன். எங்கள் வார்டில் சேலை கட்டுகிறவள் நான் ஒருத்திதான். தோளில் மடிப்பு நிற்க ஊக்கு குத்துவோமே, அந்த இடத்தில் ஊக்குக்குப் பதிலாக தன்பாலீர்ப்பு, திருநர் பிள்ளைகளுக்குத் துணை என்று காட்டுகிற ஒரு வானவில் பின் குத்த ஆரம்பித்தேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 2015 நவம்பரில் சபையின் அந்தக் கொள்கை வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. தன்பால் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் கிடையாது என்று மூன்றரை வருஷம் இருந்தது. 2019 ஏப்ரலில் எடுத்தார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பின்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ. நான் எப்போதும் வரிசை ஓரத்தில் உட்காருவேன். அப்பம் சுற்றி வந்துவிட்டது, அடுத்து தண்ணீர். தட்டை நீட்டிய பையனுக்கு 14 வயது இருக்கும். பிரைமரியில், அதாவது குழந்தைகள் வகுப்பில், என்னிடம் படித்தவன்தான். தட்டு என் கைக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண் என் தோளில் இருந்தது. தட்டில் இருந்த குட்டிக் கோப்பைகளில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து ஒரு சொட்டு வழிந்து என் கைமேல் விழுந்தது. பிறகு தட்டைக் கொடுத்தான், போய்விட்டான். அவ்வளவுதான்.

அந்த வாரமே பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்து சகோதரி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, என் பிரசவத்துக்கு ரெண்டு வாரம் சமைத்துப் போட்டவர். "பார்க்கிறவங்க தப்பா எடுத்துக்குவாங்களோன்னு தோணுச்சு" என்றார். சண்டை போடவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நானும் சரி என்றேன். அடுத்த ஞாயிறு சாதாரண ஊக்கு குத்திக்கொண்டு போனேன்.

அவன் தட்டோடு வந்தான். முதலில் என் தோளைத்தான் பார்த்தான்.

இந்த முறை தட்டு நடுங்கவில்லை. இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது. அந்தக் கோடையில் அந்தக் குடும்பம் ஐடஹோவுக்கு வீடு மாறிப் போய்விட்டது.

பழைய ஆரெம்வாசி

அக்கா, உங்களைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் பின் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நானும் அந்தப் பையனைப் போல இருந்தவன்.

2015ல் அந்தக் கொள்கை வெளியே கசிந்தது ஒரு வியாழக்கிழமை, நவம்பர் 5. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் தானாகப் போய்விட்டது, உள்ளே போகத்தான் வரவில்லை. வெளிக்கூடத்து சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்கள்தான் இருப்பார்கள். எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு என் விஷயம் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனார்கள்.

முதல் பாட்டு ஆரம்பித்த பிறகு ஒரு தாத்தா உள்ளேயிருந்து வெளியே வந்தார். தெற்கே செர்ரித் தோட்டம் வைத்திருந்தவர். 2004ல் திருத்தம் 3க்கு, அதாவது யூட்டாவில் தன்பால் திருமணம் கூடாது என்ற திருத்தத்துக்கு, ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அவர் வாயாலேயே எல்லோர் முன்பும் சொல்லியிருக்கிறார். கையில் இரண்டு பாட்டுப் புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றைத் திறந்து என் மடியில் வைத்தார், எந்த வரி என்று விரலால் காட்டினார். அந்த விரல் நகத்தில் மண் இருந்தது, ஓரம் வெடித்திருந்தது. ராகமே இல்லாத குரலில் பாட ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒவ்வொரு வாரமும் வந்து உட்கார்ந்தார். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மனைவியை உள்ளே தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் பிறகு சபையை விட்டு வந்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் அவரிடம் பின் இல்லை. பின் குத்தியிருந்த மூன்று பேர் அன்றைக்கு என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். எனக்கு அப்போது தேவைப்பட்டது பக்கத்தில் ஒரு ஆள். அந்தப் பையனிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அக்கா. பின் அதைச் செய்யாது.

மூன்று பிள்ளைக்காரி

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்து அழுதேன். ஆனாலும் அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் விஷயம் வார்டுக்குத் தெரியும், அதனால் தாத்தா தேடி வந்தார். யாருக்குமே தெரியாத பிள்ளையின் பக்கத்தில் யார் போய் உட்காருவார்கள்? எந்தப் பிள்ளை என்று எப்படித் தெரியும்? பேசு பேசு என்கிறீர்கள். 14 வயசுப் பையனிடம் ஒரு பெரிய மனுஷி போய் என்னவென்று பேசுவாள்? அவன் சொல்லாததை நாம் கேட்டால் அதுவே அவனுக்கு அடி. பின் குத்தினால் அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டால் போதும். இந்த யூட்டாவில் பள்ளிக்கூடங்களில் வானவில் கொடி தொங்கக் கூடாது என்று 2025ல் சட்டமே வந்துவிட்டது. பிள்ளைகள் கண்ணில் படுகிற வானவில் ஒவ்வொன்றாய்க் குறைகிற காலத்தில், ஒரு சேலைத் தோளில் இருப்பதையும் வேண்டாம் என்காதீர்கள்.

என் கதை பழசு. 2012 ஜூன் 3, சால்ட் லேக் பிரைட் ஊர்வலம். நம் சபைக்காரர்கள் முன்னூறு பேருக்கு மேல், 'மார்மன்ஸ் பில்டிங் பிரிட்ஜஸ்' என்று, ஞாயிற்றுக்கிழமை உடையிலேயே நடந்தார்களே, அதில் நானும் என் கணவரும் போனோம். அவர் வெள்ளைச் சட்டை, டை. நான் தள்ளுவண்டியில் கடைக்குட்டியோடு. நடைபாதையில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவரின் டையையே பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் இல்லை. அவர் அப்பாவும் அப்படித்தான் டை கட்டுவாரோ என்னவோ. நாங்கள் நிற்காமல் நடந்து போய்விட்டோம். ஏன் நிற்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற கிளார்க்

சகோதரிக்கு வணக்கம். எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு வகுப்பில் ஒருவர் "இவங்கல்லாம்" என்று ஆரம்பித்து மோசமாகப் பேசினார், நான் அவரை நிறுத்தவில்லை, பின் வரிசையில் ஒரு பெண் பைபிளை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள், அந்தக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் வார்டு கிளார்க்காகப் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்ல வேண்டும். பின் குத்துவதை எந்தக் கையேடும் தடுக்கவில்லை. வந்து சொன்னவர் தன் கருத்தைச் சொன்னார், அது பிஷப்பின் உத்தரவு இல்லை. பிஷப்பே சொன்னாலும், "இதை அணிவதால் யாருக்கு என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள், பாதிப் பேரிடம் பதில் இருக்காது. பிஷப்பும் நம்மைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து, சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறவர், அஞ்சாறு வருஷத்தில் மாறிவிடுவார். அவரை எதிரியாக நினைக்காமல் பேசுங்கள்.

சபையின் கோயிலுக்குள் போக அனுமதி தருகிற டெம்பிள் ரெக்கமெண்ட் நேர்காணலை நினைத்துப் பலரும் பயப்படுகிறார்கள். சபையின் போதனைக்கு மாறானதை ஆதரிக்கிறீர்களா என்ற கேள்வி அதில் இருக்கிறது, உண்மை. ஆனால் சபையின் அப்போஸ்தலர் எல்டர் கிறிஸ்டோஃபர்சன் 2015ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தன்பால் திருமணத்தை ஆதரித்து ஒரு உறுப்பினர் முகநூலில் எழுதினால் அது மட்டுமே பிரச்சினை ஆகாது, சபையையும் தலைவர்களையும் தாக்கினால்தான் பிரச்சினை என்பது அதன் சாரம். பிள்ளைகள் மேல் அன்பாக இருக்கிறேன் என்று காட்டுகிற பின் எந்தப் போதனைக்கும் மாறு இல்லை. எதற்கும் தயாராக இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, மாதத்து முதல் ஞாயிறு எல்லோரும் சாட்சி சொல்கிற டெஸ்டிமனி கூட்டத்தில் போய் இதைப் பேசாதீர்கள். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று வார்டே திரும்பித் தேடும், அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், அவன் அனுமதி இல்லாமல் பெற்றோரிடமோ பிஷப்பிடமோ போகாதீர்கள், அது நல்லெண்ணம் என்று நினைத்து நிறையப் பேர் செய்கிற பெரிய தவறு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் தனியாக விடக் கூடாது, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐக் கூப்பிடுங்கள். ப்ரோவோவில் நம் சபைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே 2017லிருந்து தன்பாலீர்ப்பு, திருநர் பிள்ளைகளுக்கான என்சர்க்கிள் வீடு இருக்கிறது, சால்ட் லேக்கிலும் இருக்கிறது, பிள்ளைகள் சும்மா போய் உட்கார்ந்து பியானோ வாசிக்கலாம், பெற்றோரும் போகலாம். விலாசத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களுக்குத் தமிழில் பேச வேண்டியிருந்தால் சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி, பால்புதுமையர் என்று மரியாதையான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தமிழக அரசே 2022ல் சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. சொல் தெரியாததாலேயே வைகிற சொல்லைப் பயன்படுத்திவிடுகிறார்கள்.

மேசா

ஐயா, நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா அக்கா யோசனை கேக்கலையே. அவங்களுக்கு உறுத்துறதைச் சொன்னாங்க. உங்க கதவுச் சத்தம்தான் எனக்கு மனசுல நிக்குது, அதை ரெண்டு வரில முடிச்சுட்டீங்க.

நான் அரிசோனால இருக்கேன். எங்க வார்டுல ஒரு திருநங்கை, வயசு 26. எல்லாரும் அந்தப் பொண்ணைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். குழந்தைங்க கிளாஸ்ல பியானோ வாசிச்சுக்கிட்டு இருந்தா. 2024 ஆகஸ்ட்ல சபையில புது விதி வந்துச்சு, உங்களுக்கே தெரியும். குழந்தைங்களோட வேலை செய்யக் கூடாது. பாத்ரூம் ஒரு ஆள் மட்டும் போறதா இருக்கணும், அது இல்லைன்னா உள்ளூர்த் தலைவர்களோட பேசி ஒரு வழி பண்ணணும். எங்க வார்டுல, பிறந்த பாலினத்துக்கான பாத்ரூமுக்குப் போகணும், வேற யாரும் உள்ள வராம நம்பிக்கையான ஒருத்தர் பாத்துக்கணும்னு முடிவாச்சு. எங்க கட்டடத்துல ஒரு ஆள் பாத்ரூம் கிடையாது. யாரைக் கூப்பிடுறதுன்னு கேட்டதுக்கு அவ என் பேரைச் சொன்னாளாம்.

அவ்வளவு பெருமையா இருந்துச்சு எனக்கு. அந்த ஞாயித்துக்கிழமை ஆம்பளைங்க பாத்ரூம் வாசல்ல கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு அப்பாவும் பையனும் வந்தாங்க. "ஒரு நிமிஷம்" அப்படின்னு கையைக் காட்டினேன். பையன் "உள்ள யாரு?"ன்னு கேட்டான். அப்பா அவன் தோளைப் பிடிச்சுத் திருப்பி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனார்.

அவ வெளிய வந்தா. கை ஈரமா இருந்துச்சு, துடைக்கக்கூட நிக்கல, எல்லாம் கேட்டிருக்கு. பாவாடையிலயே துடைச்சுக்கிட்டு "தேங்க்யூ"ன்னா. என் முகத்தைப் பாக்கல. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வந்தா, ரெண்டு வாரமும் தண்ணியே குடிக்காம வந்தா. எனக்குத் தெரியும், திருவிருந்துக் கோப்பையைக்கூட உதட்டுல மட்டும் வெச்சுட்டு இறக்கிட்டா. அப்புறம் வரல.

நான் அங்க அவளுக்குத் துணைக்கு நின்னேனா, அவளைக் காவல் காத்தேனா? முடியாதுன்னு சொல்லியிருக்கணுமா? சொல்லியிருந்தா வேற யாராவது நின்னிருப்பாங்க, அவளுக்குப் பிடிக்காத யாராவது. போன் பண்றேன், எடுத்துப் பேசுறா, வேற எல்லாம் பேசுறோம். இதை மட்டும் ரெண்டு பேரும் தொடுறதில்ல.

பழைய ஆரெம்வாசி

மேசா சகோதரி, அவள் உங்கள் பெயரைச் சொன்னாள். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விதியை எழுதியது நீங்கள் இல்லை.

மூன்று பிள்ளைக்காரி அக்காவுக்கு: நீங்கள் சொன்னதை நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். எனக்கு 14 வயதில் அந்தத் தாத்தா வந்திருக்க மாட்டார், உண்மைதான். அப்போது எங்கள் வார்டில் ஒரு தோளில் ஏதாவது தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். வாராவாரம் அதைத் தேடியிருப்பேன். லீஹை அக்கா, உங்களிடம் அப்படிப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

புதிதாய் வந்தவன்

இப்போதுதான் டேபிரேக்கில் குடியேறினோம். மனைவி சபையில் பிறந்து வளர்ந்தவள், நான் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடவே போய் உட்காருவேன். மச்சினன் சென்ற மாதம் எங்களிடம் மட்டும் சொன்னான். அவன் வீட்டில் இன்னும் தெரியாது. இந்த ஞாயிறு அவனும் எங்களோடு வருகிறான். அந்த பின் எங்கே கிடைக்கும், அக்கா? கோட்டில் குத்தலாமா?

லீஹை அம்மா

தம்பி, நான் கடையில் வாங்கவில்லை. தன்பாலீர்ப்பு, திருநர் பிள்ளைகளின் அம்மாக்கள் குழுவான மம்மா டிராகன்ஸில் இருக்கிற ஒரு அம்மா கொடுத்தார். கோட்டு மடிப்பில் குத்தலாம், டைக்கு மேலே வேண்டாம், கழுத்தை அசைக்கும்போது மறைந்துவிடும். இடது பக்கம் குத்துங்கள். நாம் தட்டை வாங்கக் கையை நீட்டும்போது, அதைக் கொண்டுவருகிற பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள்.

எல்லோரும் எழுதியதற்கு நன்றி. ஆரெம்வாசி தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்னதும் சரி. அன்று கூட்டம் முடிந்து நடைவழியில் அவன் என் பக்கத்தில் நின்றான், ஒரு நிமிஷம் இருக்கும். நான் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அதுகூட நான் கேட்டதுதான், அவன் எதற்கு நின்றான் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது ஒன்றரை வருஷமாக வாராவாரம் பின்னோடுதான் போகிறேன். அந்தச் சகோதரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எடுக்க மாட்டேன் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் வீட்டுக்கு வருவதை மட்டும் குறைத்துக்கொண்டார். அதுவும் வலிக்கத்தான் செய்கிறது.

என்னிடம் இன்னும் இரண்டு பின் இருக்கிறது தம்பி. டேபிரேக் பக்கம்தானே, சனிக்கிழமை இந்தியக் கடைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஒன்று உங்களுக்கு. மச்சினனுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள், அவன் கேட்டால் கொடுங்கள். ஓரத்து இருக்கையில் உட்காருங்கள்.