அண்டர்கோட் அடிக்க முதல் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பு நாவலடியிலிருந்து, ஸ்கூல் வேன் ஓடுபவர்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும், பின்னால் நடந்தால் வாவி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எட்டு வருடமாக வேன் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. அதனால் கறள் (துரு) விஷயத்தில் நான் பட்டதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

வாங்கும்போது அடிப்பக்கம் புதுத் தார் றோட்டு மாதிரிக் கறுப்பாக மின்னியது. "அண்டர்கோட் அடிச்ச வண்டி, பயப்பட ஒண்டுமில்ல" என்றார் விற்றவர். அண்டர்கோட் என்றால் கறள் பிடிக்காமல் அடிப்பக்கத்தில் அடிக்கிற தார், ரப்பர் மாதிரிப் பூச்சு. நானும் நம்பி, அதற்கு மேலேயே இன்னொரு தடவை ரப்பர் கோட் அடித்தேன். இரண்டு மாரி போனது. மூன்றாம் வருடம் பொங்கலுக்கு முந்தின கிழமை, சில்லுக் கழற்ற ஜக் வைத்தேன். வேன் எழும்பவில்லை. தகட்டைக் கிழித்துக்கொண்டு ஜக்தான் உள்ளே போனது.

தகட்டு வேலை செய்கிற டிங்கர் பாஸ் கீழே மல்லாந்து படுத்து, ஸ்க்ரூட்ரைவர் நுனியைக் கோட்டுக்கு அடியில் செருகி நெம்பினார். மரப்பட்டை கழலுகிற மாதிரி ஒரு முழ நீளத்துக்குக் கழன்று விழுந்தது. மூன்று நாளாக மழை இல்லை, ஆனாலும் உட்பக்கம் ஈரம். ஊறின தேயிலைச் சக்கை போலக் கறள் அவர் விரலில் அப்பியது. "மனே, இது வெளியால வந்த கறள் இல்ல. நீ உள்ளுக்கு வச்சுப் பூட்டின கறள்" என்றார். அந்தச் சொல் இன்றும் காதில் நிற்கிறது.

தாரும் ரப்பரும் தகட்டோடு ஒட்டியிருக்கும்வரை நல்லவைதான். கிறவல் றோட்டில் கல் அடித்து ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் கதை மாறிவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். எங்கள் கரையில் இரவில் அதைத் தாண்டாத நாள் குறைவு. இரும்பு கறளானால் முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும், அதனால் கோட்டை இன்னும் மேலே தள்ளும். வெளியே பார்த்தால் அதே கறுப்பு, அதே மினுக்கம்.

கதவுக்குக் கீழே இருக்கிற இரண்டு பக்கப் படித் தகட்டையும் வெட்டிப் புதுத் தகடு ஒட்டினோம். மற்ற இடங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, கறளைக் கறுப்பாக இறுக்குகிற டனிக் அமிலத் திரவம் பூசி, சிங்க் பிரைமர் அடித்தோம். சில்லுக்கு மேலே கல் அடிக்கிற வளைவில் மட்டும் ரப்பர் கோட். மற்ற எல்லா இடத்திலும் மெழுகு வகை. அது காய்ந்து இறுகாது, சின்னக் கீறல் விழுந்தாலும் இளகி மூடும், கீழே கறள் வந்தால் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும், அந்தச் செலவுக்கு ஆயத்தமாக இருங்கள். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் படாமல் முதலே மூடிக் கட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. கதவுக்கும் படித் தகட்டுக்கும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். முந்தி அடித்தவர் அதையும் தாரால் அடைத்திருந்தார். கம்பியால் குத்தினேன், கறுப்புத் தண்ணீர் ஒரு சுண்டு அளவுக்கு வடிந்தது. என் வேனின் பாதிக் கறளுக்கு அந்த அடைப்புத்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இப்போது ஆவணி வெயிலில் நல்ல தண்ணீரால் அடி கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மாரி தொடங்க முதல் அடித்து முடித்துவிடுவேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து, விவசாயி

வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் கடற்காற்று குறைவு. எங்களுக்கு எதிரி பசளை. எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட், அதுவும் உப்பு வகைதான். டிரக்டர் மெசின் இழுக்கிற பெட்டியில் மூடை கிழிந்து சிந்தினதைக் கூட்டாமல் விட்டால், ஒரு போகத்துக்குள் பெட்டியின் மூலைகள் பொத்துப் போகும். மேலே எந்தக் கோட் அடித்தும் பயனில்லை. இறக்கின அன்றே கழுவிக் காயவைப்பதுதான் வழி.

கழிவு ஒயில் பூசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது, நானும் நாலு வருடம் செய்தேன். காசு செலவில்லை. ஆனால் எஞ்சினில் எரிந்த ஒயிலில் அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கும். பெட்டி கொளுவுகிற இடத்து ரப்பர் புஷ் எல்லாம் ஊதி மெத்துப் போனது. மழைக்கு அது வழிந்து வாய்க்காலில் எண்ணெய்ப் படலமாக மிதந்ததைப் பார்த்த அன்றோடு நிறுத்தினேன், அந்தத் தண்ணீர்தானே வயலுக்குப் போகிறது. சேற்று உழவுக்குப் போடுகிற இரும்புச் சில்லுக்கு நான் ஒன்றும் பூசுவதில்லை, சேறு எதையும் வைத்திருக்காது. உழவு முடிந்ததும் கழுவி, கிறீஸ் தடவி, கல்லுக்கு மேலே தூக்கி வைக்கிறேன்.

ஒலுவிலிலிருந்து, மீன் வியாபாரி

நாவலடித் தம்பி சொன்னது சரி. எனக்கு உப்பு மேலிருந்து வந்தது. ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் பட்டா லொறியின் பலகைக்குள் இறங்கி செசியில் (அடிச் சட்டத்தில்) சொட்டிக்கொண்டே இருந்தது, நான் கீழேயிருந்து கோட் அடித்துக்கொண்டே இருந்தேன். எங்கட காக்கா (அண்ணன்) ஒருவர் சொல்லித்தான் பலகைக்கு மேல் பைபர் அடித்து, தண்ணீரை ஒரு குழாயால் பின்னுக்கு எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பூசினது கழலாமல் நின்றது. நான் பூசுவது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற லனோலின். முதல் இரண்டு கிழமை மணக்கும். மீன் லொறியில் அது பெரிய விஷயமில்லை.

அம்பாறை டவுனிலிருந்து

அண்ணன், 2025இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய வேன் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் இப்போதுதான் கறுப்பு அடித்த மாதிரி இருக்கிறது. நாங்கள் கடலுக்குத் தூரம்தானே, வாங்கலாமா?

நாவலடியிலிருந்து

தம்பி, கடல் உங்களுக்குத் தூரம், ஆனால் அந்த வேன் எங்கே ஓடியது என்று பாருங்கள். ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகளில் றோட்டில் உப்புத் தூவுவார்கள். ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுக்கிற ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வண்டிப் படத்தில் எஸ் என்று எழுதியிருந்தால் கறள், சி என்றால் தகடு அரித்தது. தாள் தர மறுத்தால் நான் என்றால் வாங்க மாட்டேன். தந்தாலும் ஒரு டோர்ச்சோடு கீழே படுத்து, ஜக் வைக்கிற விளிம்பையும் ஸ்பிரிங் பூட்டுகிற இடத்தையும் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த இடம் மொத்தென்று கேட்கும்.