பயண உதவித்தொகை: "உள்ளூர்க்காரர்கள் செய்ய முடியாதா?" என்ற கேள்விக்கு என்ன எழுதுவது?

மூன்றாமாண்டுக்காரி:
விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் உகாண்டாவில் ஒரு கிராமப் பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டப் போகிறோம். கல்லூரியின் பயண உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். "இந்த வேலையை உள்ளூர்க்காரர்களே செய்ய முடியாதா?" என்ற கேள்வியில்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். உண்மையைச் சொன்னால், எங்களில் யாரும் சிமென்ட் கலவை குழைத்ததே இல்லை.

பழைய விண்ணப்பதாரர்:
என்னைக் கவிழ்த்ததும் இதே கேள்விதான். முதல் தடவை சேவை மனப்பான்மை, உலகக் குடிமகள் என்று ஒரு பக்கம் அளந்துவிட்டேன். கிடைக்கவில்லை. அப்புறம் தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்: "நீங்கள் நாலு பேர் போகும் விமானக் கட்டணத்தில் அந்த ஊர்க் கொத்தனார் எத்தனை தொட்டி கட்டுவார், கணக்குப் போட்டாயா?" போடவில்லை. அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது.

மறு வருஷம் முதலில் பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதினேன். தொட்டி ஏற்கெனவே இருந்தது! முன்பு வந்த யாரோ கட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் மழைநீரை வெளியே தள்ளும் குழாய் அடைத்துக்கொண்டு, கூரையில் இருந்த பறவை எச்சமெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை யார், எப்போது திறந்து கழுவ வேண்டும் என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை. அதற்காக நான் ஒருத்தி மட்டும் ஐந்து வாரம் போனேன். குழாயைப் பிரித்து மாட்டப் பழக்கினேன், பராமரிப்பு நோட்டு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். தலைமையாசிரியை எழுதிய அரைப் பக்கக் கடிதத்தை விண்ணப்பத்தோடு வைத்திருந்தேன். நான் எழுதிய எட்டுப் பக்கத்தைவிட அதைத்தான் குழு படித்தது என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நிறைய கல்லூரிகளில், பயணம் முடித்து வந்து ரசீது காட்டினால்தான் காசு வரும். முன்பணம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். பட்ஜெட்டில் இந்தச் செலவைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பெரிய தொகை வேண்டுமென்றால் 'புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' என்ற மாணவர் நிதியுதவியைப் பாருங்கள். கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் தன் 100-வது பிறந்தநாளை ஒட்டி 2007-ல் தொடங்கியது, ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர் என்று. ஆனால் அதில் சேர்ந்துள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கு மட்டும்தான்.

மூன்றாமாண்டுக்காரி:
நன்றி அக்கா. பள்ளிக்கு இன்றே எழுதிவிட்டேன். கணக்கும் போட்டேன், எதிர்பார்த்தபடி அசிங்கமாகத்தான் இருக்கிறது. சரி, மூன்று பேர் ஒருவராகலாம் என்பதை மற்ற இருவரிடம் எப்படிச் சொல்வது? ஒருத்தி பை வாங்கிவிட்டாள்.