வன்னியில் முதுகுப்பையோடு பத்து நாட்கள்: வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வழியாக யாழ்ப்பாணம்

நடைவழி எழுதியது:

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். வரும் பிப்ரவரி இறுதியில் பத்து நாட்கள் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் தனியாகப் பயணம் செய்ய எண்ணியிருக்கிறேன். கொழும்பிலிருந்து ரயிலில் வவுனியா, அங்கிருந்து பேருந்தில் மாங்குளம், மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரை, பிறகு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு என்று யாழ்ப்பாணம் சேர்ந்து, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் திரும்புவது என் திட்டம். முடிந்தவரை நடக்கவும், குளக்கரைகளிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்கவும் விரும்புகிறேன்.

2009இல் நான் பள்ளி மாணவன். இந்த ஊர்ப் பெயர்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில், அதுவும் தொலைக்காட்சிச் செய்தியில்தான் கேட்டேன். அதன் பிறகு அவை செய்தியிலிருந்து மறைந்துவிட்டன. ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. மூன்று விஷயங்களில் எனக்குத் தெளிவில்லை. கண்ணிவெடி ஆபத்து இன்னும் இருக்கிறதா? இருந்தால் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது? அங்குள்ளவர்களிடம் போரைப் பற்றிப் பேச்செடுப்பது சரியா? வெளியூர்க்காரன் ஒருவன் பையோடு சுற்றினால் காவல்துறையோ இராணுவமோ தடுக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிளிநொச்சியான் எழுதியது:

தம்பி, வாருங்கள், ஆனால் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் திட்டத்தில் மாற்ற வேண்டியது அது ஒன்றுதான். வீதிகளும் ஊர்மனைகளும் விதைக்கிற வயல்களும் வலை இழுக்கிற கடற்கரைகளும் எப்போதோ துப்புரவு செய்யப்பட்டுவிட்டன, அங்கெல்லாம் பயமின்றி நடக்கலாம். ஆனால் கூடாரம் அடிக்கிறவர் இயல்பாகவே தேடுவது ஆளரவமற்ற ஓரத்தை. வன்னியில் ஆளரவமற்ற ஓரம் எதனால் அப்படிக் கிடக்கிறது என்று கேட்டுப் பார்க்காமல் அதில் கால் வைக்கக் கூடாது.

நீங்கள் கண்ணிவெடி என்று எழுதியதை நாங்கள் மிதிவெடி என்போம். முகமாலையில் ஆறு ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் விழுந்த 2000ஆம் ஆண்டு முதல் 2009 ஜனவரி வரை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு முன்னரங்கு, அதாவது போர்முனை, கிடந்தது. இரு தரப்பும் எதிரெதிரே மண் அணை கட்டி, அணைக்கு முன்னால் வரிசை வரிசையாக வெடிகளைப் புதைத்தன. அரச தரப்பு புதைத்தவற்றில் பெரும்பாலானவை பாகிஸ்தானில் செய்த பி4 வகையைச் சேர்ந்தவை, மற்றத் தரப்பு உள்ளூரிலேயே செய்த ஜொனி மிதிவெடிகளைப் புதைத்தது. பி4 உள்ளங்கையில் அடங்கிவிடும், அதில் உலோகம் மிகக் குறைவு. கருவி அதைத் தவறவிடக் கூடும் என்பதால் பல இடங்களில் நாங்கள் மண்ணை வாரியால் வாரித்தான் தேடினோம். முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், மார்புக்குக் கனத்த அங்கி, முழங்காலில் இருந்தபடி ஒரு மீற்றர் அகலப் பாதை. வெயில் ஏறினால் கவசத்துக்குள் மூச்சுப் புழுங்கிக் கண்ணாடி மங்கிப்போகும், துடைப்பதற்கு ஆபத்தான நிலத்திலிருந்து பின்னே வந்துதான் கவசத்தைத் தூக்க வேண்டும். நாள் முழுக்க உழைத்துத் திரும்பிப் பார்த்தால் சில பாய்கள் விரிக்கிற அளவு நிலம்தான் முடிந்திருக்கும். என் பக்கத்துப் பாதைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் முழு நாட்டையும் துப்புரவாக்க வேண்டும். மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் பழைய முன்னரங்குகளும் காட்டோரங்களும்தான், ஆனால் நீங்கள் ஒதுங்க நினைக்கிற இடமும் அதுவாகவே இருக்கலாம்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையும் சிவப்பு முனைக் கம்புகளும் தெரிந்தால், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதை மட்டும் வைத்து உள்ளே இறங்காதீர்கள். மழை வெள்ளம் வெடிகளை இடம் மாற்றும், பலகையைத் தகரத்துக்காகக் கழற்றிச் செல்கிறவர்களும் உண்டு. மாடு போன தடத்தை நம்ப வேண்டாம், மாட்டுக்கும் கால் போயிருக்கிறது. மனிதர் நாள்தோறும் சைக்கிளில் போய்வருகிற தடத்தை நம்பலாம். எல்லாவற்றிலும் முக்கியமானதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்: அவசரத்துக்குப் பற்றைக்குள் ஒதுங்காதீர்கள், அருகிலுள்ள வீட்டுப் படலையைத் தட்டிக் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் கை வைக்காமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள்.

மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் வீதியின் இருபுறமும் காடு. மாலை மங்கினால் யானை இறங்கும். அந்தப் பகுதியைப் பேருந்திலேயே கடந்துவிடுங்கள்.

வட்டப்பளை எழுதியது:

மிதிவெடி பற்றி அண்ணன் எழுதியதற்கு மேல் நான் எழுத எதுவும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆசிரியை. எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்குக் கொடுக்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணி வந்து தங்கினார். நல்ல பிள்ளை, நிறைய வாசித்துவிட்டு வந்திருந்தார். முதல் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் மாமியாரிடம், "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று கேட்டுவிட்டார். மாமி பதில் சொல்லவில்லை. எழுந்து போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினார். கேள்வியில் அவர் கெட்ட எண்ணம் வைத்திருக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை கேட்கிறவர்கள் இங்கே பலர் வந்து போயிருக்கிறார்கள். படிவத்தோடு வந்தவர்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவர்கள், ஆணைக்குழு என்று வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, சொன்னதால் எதுவும் நடக்கவில்லை என்ற சலிப்பு எங்கள் பலரிடம் உண்டு.

அந்தப் பயணி மூன்றாம் நாள் ஒன்றும் கேட்காமல் மாமியோடு திண்ணையில் இருந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது, மாமி தானாகவே தன் தையல் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டபோது இயந்திரத்தை முழுதாக உழவு இயந்திரத்தில் ஏற்றியது, தருமபுரத்தில் அதன் மேசையை விட்டது, விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று தலையை மட்டும் சாக்கில் கட்டிச் சுமந்தது, கடைசியில் வட்டுவாகலில் அதையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு பாலத்தைக் கடந்தது. பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒன்றரை ஆண்டு. மனிதர்களைப் பற்றி அன்றும் மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன வழியில் யார் யார் எங்கே நின்றுபோனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் புரிந்திருக்கும்.

ஆகவே போரைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஓரிடத்தில் இரண்டு நாளாவது இருங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் திட்டத்தில் பத்து நாளுக்கு எட்டு ஊர் இருக்கிறது, அதைப் பாதியாகக் குறையுங்கள். கேட்பதாக இருந்தால் இன்றைய விஷயங்களைக் கேளுங்கள். காணி திரும்பக் கிடைத்ததா, நந்திக்கடல் களப்பில் இறால் படுகிறதா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று தொடங்குகிற பேச்சு போக வேண்டிய இடத்துக்குத் தானாகவே போய்விடும். காணியைப் பற்றிக் கேட்டாலே போதும்: கேப்பாப்புலவு மக்கள் 2017இல் இராணுவத்திடமிருந்து தங்கள் நிலத்தைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த கதையும், கடற்படை வைத்திருந்த இரணைதீவுக்கு அதன் மக்கள் 2018இல் படகுகளில் தாங்களாகவே திரும்பிய கதையும் வரும்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டிப் பேரணி நடக்கும். அந்தத் தாய்மாரைச் சந்திக்க நேர்ந்தால் படம் எடுப்பதற்கு முன் அவர்கள் கையில் இருக்கிற படத்தில் உள்ள பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.

ஒன்று, என் சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடக்கும் நீர்த்தாங்கி, ஆனையிறவில் நிறுத்தியிருக்கும் கவச புல்டோசர் போன்றவற்றுக்கு முன்னால் பேருந்து பேருந்தாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாருங்கள், தவறில்லை. ஆனால் அவற்றின் பலகைகளில் இருப்பது வென்ற தரப்பின் கணக்கு. எங்கள் கணக்கு எழுதிய பலகை எதுவும் வீதியில் இல்லை, முள்ளிவாய்க்கால் மணலில் போரில் இறந்தவர்களை நினைத்து மே 18 அன்று ஏற்றுகிற விளக்கும் அன்று காய்ச்சிக் கொடுக்கிற உப்பில்லாக் கஞ்சியும்தான் இருக்கின்றன.

தூரதேசம் எழுதியது:

கனடாவிலிருந்து மூன்று முறை போய் வந்தவன் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக எழுதுகிறேன். வெளிநாட்டவர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2015இல் நீக்கப்பட்டுவிட்டது. விசா இருந்தால் போதும். கடவுச்சீட்டைப் பையின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், தங்குமிடத்தில் பதிவுக்கும் கேட்பார்கள். இராணுவ முகாம், காவலரண், கடற்படைத் தளம் எதையும் படம் எடுக்காதீர்கள். முல்லைத்தீவில் முகாம் வேலிகள் வீதியோரமாகவே நீளமாகப் போவதால், நல்ல காட்சி என்று கைபேசியை உயர்த்துமுன் படத்துக்குள் என்ன விழுகிறது என்று பாருங்கள். ட்ரோன் கொண்டுபோக வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வேண்டும், அது கிடைப்பதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துவிடும்.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரால் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்திருக்கிறார்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமோ படமோ உடையிலும் கைபேசியிலும் முகநூலிலும் இருந்தால் உங்களுக்கு வருவது ஒரு நாள் தொல்லை. உங்களுக்கு அறை கொடுத்த குடும்பத்துக்கு வருவது நீங்கள் போன பிறகும் நீளும். சாதாரண உடையில் யாராவது வந்து எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் பணிவாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒரு முறை அப்படி விசாரித்தார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

காங்கேசன்துறைக் கப்பலை நம்பித் திரும்பும் நாளை முடிவு செய்யாதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய நாளிலிருந்தே அது நின்றும் ஓடியும் வருகிறது, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கப்பல் இல்லையென்றால் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் ஆம்புலன்ஸ் எண் 1990, கட்டணம் இல்லை.

நடைவழி எழுதியது:

அண்ணா, அக்கா, ஐயா, மூவருக்கும் நன்றி. கூடாரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஊர்களையும் குறைத்துவிட்டேன்: முல்லைத்தீவுப் பக்கம் நான்கு நாள், கிளிநொச்சி மூன்று, யாழ்ப்பாணம் மூன்று. யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிக்கப்பட்டு மறுபடியும் கட்டப்பட்ட நூலகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் வழியாக முள்ளிவாய்க்கால் வரை பிரதான வீதியில் நடந்தே போகலாமா? தங்குகிற வீட்டுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஏதாவது கொண்டுவருவது முறையாக இருக்குமா, அல்லது கொடுக்க வந்தவன் என்ற தோற்றத்தைத் தருமா?

வட்டப்பளை எழுதியது:

நடக்கலாம் தம்பி. காலையில் ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த வீதியில் நிழல் இல்லை, உப்புக்காற்று வேறு. தண்ணீர் இரண்டு லீற்றர் எடுங்கள். வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் போகும் அகலம்தான். நந்திக்கடல் கடலோடு சேர்கிற வாயில் தண்ணீரோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கிற பழைய பாலம், மழை வெள்ளத்தில் சேதமாகிவிடும், ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்தில் தூண்டில் போட்டபடி யாராவது இருப்பார்கள், அவர்களோடு நின்று பேசலாம். பாலம் தாண்டிய பிறகு வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்க நினைத்தால், அங்கே வாடி (கடற்கரைக் குடிசை) போட்டிருக்கிற மீனவரிடம் கேட்டு, அவர் காட்டுகிற தடத்தால் போங்கள்.

பிள்ளைகளுக்கு வீதியில் வைத்து எதையும் பகிர வேண்டாம். 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் வரிசையில் நின்று வாங்கிப் பழகியவர்கள் நாங்கள், அந்த வரிசையைப் பிள்ளைகள் மறந்துகொண்டு வருகிறார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கேட்கிற காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். வெறுங்கையோடு வர மனம் வரவில்லை என்றால், பாடசாலை நூலகத்துக்கு நான்கு சிறுவர் கதைப் புத்தகங்கள் கொண்டுவாருங்கள், புதியவையாக.

எந்தக் கிழமை மாங்குளம் வருகிறீர்கள் என்று முன்னதாகவே இங்கே எழுதிவிடுங்கள். மாங்குளம் சந்தியில் இறங்கினால் முல்லைத்தீவுப் பேருந்து கிழக்கே திரும்புகிற வீதியில்தான் நிற்கும், முள்ளியவளையில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து எங்கள் வீடு ஓட்டோவில் கொஞ்சத் தூரம்தான்.