1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்: ரொட்டிக்கே ரேஷன் இருந்த ஊர்ல எப்படி நடத்துனாங்க?

பெரம்பூர்வாசி:
பையனுக்கு ஸ்கூல்ல ஒலிம்பிக்ஸ் சார்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க. வருஷத்த வரிசையா எழுதிட்டு வந்தவன், 1936 பெர்லினுக்கு அப்புறம் நேரா 1948 லண்டன் வருதே, நடுவுல ரெண்ட காணோமேப்பான்னு கேட்டான். போர் நடந்துச்சுடான்னேன். ஆனா குண்டு விழுந்து இடிஞ்சு கெடந்த ஊர்ல மூணே வருஷத்துல எப்படி நடத்துனாங்கன்னு எனக்கே தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மயிலாப்பூர்க்காரன்:
1940 முதல்ல டோக்கியோவுக்குதான் சார் குடுத்தாங்க, சீனாவோட சண்டையில எறங்கின ஜப்பான் திருப்பிக் குடுத்துடுச்சு, ஹெல்சிங்கிக்கு மாத்தி அதுவும் போர்ல போச்சு, 1944 லண்டன்னு முடிவாகி அதுவும் நடக்கல. 1948-ல கையில இருந்தத வெச்சே சமாளிச்சாங்க. புதுசா ஸ்டேடியம் கட்டல, வெம்ப்ளியில நாய் ரேஸ் ஓடுற எடத்துல கரிச்சாம்பல் கொட்டி ட்ராக் போட்டாங்க. ஆம்பளைங்க விமானப்படை கேம்ப்ல தங்குனாங்க, பொம்பளைங்க காலேஜ் ஹாஸ்டல்ல. துண்டுகூட அவங்கவங்களே கொண்டு வரணும். ரொட்டி ரேஷன எடுத்ததே போட்டி தொடங்க சில நாள் முன்னாடிதான்! வீரர்களுக்கு மட்டும் துறைமுகத் தொழிலாளிக்கு குடுக்குற அளவு கூடுதல் ரேஷன். ஜெர்மனியையும் ஜப்பானையும் கூப்பிடல, ரஷ்யா வரல, அப்படியும் 59 நாடு வந்துச்சு. எங்க தாத்தா யுத்தகால ரேஷன் கார்ட கடைசி வரைக்கும் ட்ரங்குப் பெட்டியில வெச்சிருந்தாரு, அத தொட்டுப் பாத்தவன்ங்கறதால இந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கம்.

வியாசர்பாடி பந்து:
நம்மள விட்டுட்டீங்களே அண்ணே. சுதந்திர நாடா நாம போன மொத ஒலிம்பிக்ஸ் அது. ஃபுட்பால்ல ஃப்ரான்ஸ்கிட்ட 2-1ல தோத்தோம், நம்ம ஆளுங்க நெறைய பேர் வெறுங்கால்ல ஆடுனாங்க, கெடச்ச ரெண்டு பெனால்டியையும் விட்டுட்டாங்க. நம்ம ஒரே கோல அடிச்சவர் சாரங்கபாணி ராமன், ஒலிம்பிக் ஃபுட்பால்ல இந்தியாவோட மொத கோல் அதுதான். நான் இங்க கிரவுண்டுல சின்னப் பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறேன், ஷூ இல்லாம வர்ற பையன்கிட்ட மொதல்ல இந்தக் கதையத்தான் சொல்லுவேன். அப்புறம் ஹாக்கி! ஆகஸ்ட் 12, வெம்ப்ளி, ஃபைனல்ல பிரிட்டனையே 4-0ன்னு அடிச்சோம். மொத சுதந்திர தின ஆண்டுக்கு இன்னும் மூணு நாள்தான் இருந்துச்சு, நம்மள ஆண்டவங்க ஊர்லயே நம்ம கொடி ஏறுது, எப்ப நெனச்சாலும் தொண்டை அடைக்குது.

சேலத்துப் பொண்ணு, இப்ப வேளச்சேரி:
இன்னொன்னும் சார்ட்ல போடச் சொல்லுங்க. தொடக்க விழா நடந்த அதே ஜூலை 29, ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில டாக்டர் லுட்விக் குட்மன், தண்டுவடத்துல அடிபட்ட முன்னாள் சிப்பாய்ங்க 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வெச்சாரு, எல்லாரும் சக்கர நாற்காலியில. ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலேர்ந்து வந்த யூதர் அவர். அந்தப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆச்சு. 2016 ரியோவுல எங்க ஊர் மாரியப்பன் தங்கம் ஜெயிச்சது அந்த வழியிலதான்.

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 1940, 1944 ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டு கருப்பு ஸ்கெட்ச்ல பார்டர் போட்டிருக்கான். ஹாக்கி ஃபைனல்ல கோல் அடிச்சவங்க பேர் வேணுமாம்.

வியாசர்பாடி பந்து:
எழுதிக்கச் சொல்லுங்கண்ணே. பல்பீர் சிங் 2, தர்லோச்சன் சிங் 1, பேட் ஜான்சன் 1. கேப்டன் கிஷன் லால்.