செங்கோட்டை வாசகசாலைப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது எப்படி?

குண்டாறு:
வாசகசாலை ஒன்றில், செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் படங்கள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. கூடவே ஹாஃப் பிளேட் கண்ணாடி நெகட்டிவ்களும். சில படங்கள் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிப்போய்விட்டன. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். எப்சன் வி600 ஸ்கேனர் இருக்கிறது, போதுமா? சிலவற்றின் பின்னால் 1112 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

மேக்கரை:
காகிதப் படங்களுக்கு வி600 தாராளம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். மிகச் சிறிய படமென்றால் 1200. கறுப்பு வெள்ளைதானே என்று கிரேயில் எடுக்காதீர்கள். கலரில் எடுத்தால்தான் பழுப்புக் கறை தனியாகத் தெரியும். 6×8 அங்குலப் படம் 52 எம்பி அளவில் வரும். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்த மூலத்தில் கை வைக்க வேண்டாம், திருத்தமெல்லாம் ஜேபெக் நகலில். பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

கண்ணாடி நெகட்டிவுக்கு வி600 ஆகாது. மூடி விளக்கு ஏறக்குறைய 7 செ.மீ. அகலத்துக்குத்தான், ஹாஃப் பிளேட்டோ 12×16.5 செ.மீ. பெரிய மூடி விளக்குள்ள எப்சன் வி850 கிடைத்தால் 1200 டிபிஐ, 16 பிட் கிரே. ஒன்றுக்கு 90 எம்பி பிடிக்கும். 'டிஜிட்டல் ஐஸ்' கட்டாயம் அணைந்திருக்கட்டும். அது அகச்சிவப்பு ஒளியில் தூசியைத் தேடும். படத்திலுள்ள வெள்ளியும் அந்த ஒளியை மறிக்கும், முகத்தையே தூசி என்று அழித்துவிடும்.

புளியரை:
ஒட்டிய படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள். சாரல் ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் உருவமும் சேர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே கேமராவில் எடுங்கள். இருபுறமும் 45 பாகையில் விளக்கு, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி. துணி இல்லாவிட்டால் கேமராவின் பிரதிபிம்பம் கண்ணாடியில் விழும். துடைக்க உலர்ந்த துணி போதும், திரவம் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

வி850 இல்லையென்றால் நெகட்டிவ்களை லைட் பேடில் (ஒளிரும் பலகையில்) வைத்துக் கேமராவில் எடுக்கலாம். எல்இடிப் புள்ளிகள் தெரிந்தால் இடையில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. எமல்ஷன் (உருவம் படிந்த பூச்சு) பக்கம் மேலே இருக்கட்டும், விரல் ஓரத்தில் மட்டும் படட்டும். ஜூனில் சாரல் பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

ஆரியங்காவு:
1112 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டு அறிய டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். உதாரணமாக, திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் (ஐப்பசி) 27, அதாவது 12.11.1936. குறிப்பில் இரண்டு கணக்கையும் எழுதுங்கள்.

உரிமை விஷயம்: 1958-க்கு முன் எடுத்த படங்களுக்கு 1911 பதிப்புரிமைச் சட்டப்படி நெகட்டிவ் உருவானதிலிருந்து 50 ஆண்டு, அது முடிந்தாயிற்று. இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் அமெரிக்கச் சட்டத்தையும் பார்ப்பார்கள், 1946-க்கு முந்தையதென்றால் வம்பில்லை. 1946-லும் அதற்குப் பிறகும் எடுத்த படங்களுக்கு ஸ்டூடியோக்காரரிடமோ வாரிசிடமோ எழுதி வாங்குங்கள். 'வணிகத்துக்குக் கூடாது' என்று நிபந்தனை போட்டால் காமன்ஸ் ஏற்காது. வாசகசாலைப் பெயரைப் படத்தின்மேல் பொறிக்காமல் விவரப் பகுதியில் போடுங்கள்.